போடவா, உடவா?

மரம் வெட்டுகிறவனுக்கு அரிவாளைவிடக் காதுதான் கூர்மையாக இருக்க வேண்டும். வாசலில் தூங்குமூஞ்சி மரத்தை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் விளக்குமாறும் கையுமாக நிற்கிறவர்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும். வெட்ட வருகிறவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

அன்னூர் வேம்பு

அன்னூரிலிருந்து ஒருவர் போனில், "வாசல்ல இருக்கற வேப்பமரத்தை வெட்டிப்போடுங்க" என்றார். அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மரத்தை அடியோடு சாய்த்துவிட்டு, அதன் தூர் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் இந்தப் 'போடு' சும்மாவே வந்து ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்டுப்போட்டு வாரேன், தூங்கிப்போட்டேன், இப்படி. நான்தான் மரத்தையே கீழே போடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பாவம் மனுஷன், கரண்டுக் கம்பியில் உரசுகிற கிளையைக் கழிக்கத்தான் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வந்தவர் வண்டியை விட்டு இறங்காமல் தூரையே பார்த்தார். அந்தக் கோபத்திலும் 'ங்க' மட்டும் குறையவில்லை.

"ஏனுங்க, முடி வெட்டச் சொன்னா தலையவே எடுத்துப்போட்டீங்களே!"

திட்டுகிற உரிமை

அன்றிலிருந்து ஏணியை இறக்குவதற்கு முன்னால் ஒரே கேள்விதான் கேட்பேன்: போடவா, உடவா? போடுவது என்றால் மரமே காலி. உடுவது என்றால் கிளையைக் கழித்து மரத்தை விட்டுவைப்பது.

மதுக்கரை ரோட்டில் தனியாக இருக்கிற ஸ்டெல்லா டீச்சரிடமும் அதையே கேட்டேன். ரிட்டயர் ஆன அறிவியல் டீச்சர். அவர் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி தெருவுக்கே குடை பிடித்திருந்தது. இலை, பிசுபிசுப்பான காய், காக்கா எச்சம், எல்லாவற்றையும் இருபது வருஷமாகப் பெருக்கிவிட்டார். இப்போது பிரச்சினை தண்ணீர். எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் வருகிற தண்ணீர், தரைத்தொட்டியில் மூன்றாம் நாளே காணாமல் போகிறது. அப்புறம் அடுத்த தெருவிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறார், முட்டி வலியோடு. மரத்தின் வேர்தான் தொட்டியைப் பிளந்திருக்கும் என்று கொத்தனார் சொல்லிவிட்டாராம்.

"போட்டுருங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் மரத்தை நிமிர்ந்து பார்த்து, நன்றாக நாலு திட்டுத் திட்டினார். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க. நட்டது நானு, திட்டறதும் நான்தான் திட்டோணும்."

குப்பையும் நிழலும்

நான் மரத்தில் ஏறிக் கயிறு கட்டும்போது பக்கத்து வீட்டுச் சண்முகம் ஓடி வந்தார். உங்கள் மரத்துக் குப்பை எங்கள் வாசலில் விழுகிறது என்று பத்து வருஷமாகச் சண்டை பிடித்தவர். ஆனால் அவருடைய வெள்ளைக் காரும் அதே பத்து வருஷமாக அந்த மரத்தடியில்தான் நிற்கிறது.

"மரத்தை உட்டுருங்க டீச்சர். கெளைய மட்டும் கழிச்சாப் போதாதுங்களா?" என்று குழைந்தார். இத்தனை நாள் கத்தினீர்களே என்று டீச்சர் கேட்டதற்கு, மனுஷன் கொஞ்சமும் அசரவில்லை.

"குப்பை வேற, நெழல் வேறங்க."

கயிறு

அந்த நியாயம் டீச்சரை என்னவோ செய்துவிட்டது. மேலே நான் ஒரு கிளையை அறுத்து முடித்து மெஷினை நிறுத்தினேன். ஆள் கனமுள்ள கிளை கயிற்றில் தொங்குகிறது. கீழே கயிறு பிடித்திருப்பவர் ரங்கன், என்னோடு எத்தனையோ வருஷமாக வேலை பார்க்கிறவர். அந்த நேரம் பார்த்து டீச்சர் வாசற்படியிலிருந்து, மரத்தை விட்டுவிடச் சொல்லி, "உட்டுருங்க!" என்று கத்தினார்.

ரங்கன் கயிற்றை விட்டுவிட்டார்.

கிளை நேராகத் தரைத்தொட்டி மூடியின் மேல் விழுந்து, மூடி மூன்றாக உடைந்தது. நல்லவேளை, ஆள் யாரும் பக்கத்தில் இல்லை. இறங்கி வந்து கண்டபடி கத்தினேன். ரங்கன் வெறுங்கையை விரித்துக் காட்டினார்.

"டீச்சர் உடச் சொன்னாங்க, உட்டுப்போட்டேன்."

தொட்டிக்குள்

மூடி உடைந்ததால் எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். தண்ணீர் கணுக்கால் அளவு. ஒரு பக்கச் சுவரைப் பிளந்துகொண்டு தொடை கனத்துக்கு வேர், அதிலிருந்து சடைசடையாகக் குட்டி வேர்கள். டீச்சர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அந்த வேரைத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. இந்தத் தடவை யாருக்கும் சந்தேகம் வராதபடி, வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னார்.

"போட்டுருங்க. ரங்கா, நீங்க கயித்தை உட்டுராதீங்க."

புதுப் புகார்

ஒரு மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். தொட்டியைப் பூசியாகிவிட்டதாம். எட்டாம் நாளும் தண்ணீர் நிற்கிறதாம், குடத்தைப் பரண்மேல் ஏற்றிவிட்டாராம். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சண்முகம் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பலமாகச் சிரித்துவிட்டு, காலையில் அவர் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னதை அப்படியே சொன்னார்.

"டீச்சர், உங்க வெயிலு எங்க ஊட்டுக்குள்ள உளுகுதுங்க!"

மரத்தை வேரோடு போட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் உட்டுத்தான் ஆக வேண்டும்.