காகத்துக்கு வைத்த சோறு

என் மனைவி விஞ்ஞானக் கதை எழுதத் தொடங்கிய காலத்தில், அப்படியொரு சாமான் தமிழில் உண்டு என்று இங்கே பலருக்குத் தெரியாது. செவ்வாயில் தண்ணீர் தேடிப் போன பெண்ணைப் பற்றி அவள் எழுதிய முதற் கதையை, பத்திரிகை ஆசிரியர் சிறுவர் பகுதியில் போட்டுவிட்டார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீட்டிலிருந்து வெள்ளவத்தைச் சைவ வீட்டுக்குப் புதிதாக வந்திருந்தவள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த கதையை அதைவிட இரண்டு மடங்கு நீளமாக எழுதினாள். அவளுக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

இப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. புத்தகங்களும் வந்திருக்கின்றன. ஆனால் எங்கள் ஒழுங்கையில் எழுத்தாளர் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். ‘நாய் அக்கா வீடு’ என்று கேட்டால் ரயில் பாதை வரைக்கும் தெரியும். தடுப்பூசி போட வருபவர்களோடு சிங்களத்தில் மல்லுக்கட்டி, இந்தப் பக்கத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் ஊசி போடுவிப்பவள் அவள்தான். என் குழம்பில் உப்பை மறப்பாள், நாய்ச் சோற்றில் மஞ்சளை மறக்கமாட்டாள்.

அவளுடைய கதைகளில் வேற்றுக் கிரகத்தார் வந்தால் முதலில் மனிதரோடு பேசமாட்டார்கள். ஆட்டிடமும் மாட்டிடமும் போய் விசாரிப்பார்கள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“வேலைக்காரரிட்டக் கேட்டால்தானே முதலாளி எப்பிடிப்பட்டவர் எண்டு தெரியும்” என்றாள்.

எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு கிழட்டுப் பெட்டை நாய் கிடக்கிறது. பெருந்தெருவான காலி வீதியில் பஸ் தட்டி ஒரு கால் கோணலாகிப் போனது. விரத நாட்களில் அதற்காக மீன்தலை அவிக்கும் மணம் மேல்மாடி வரை போனதால் வந்தது வினை. குடியிருப்புச் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்தம் பார்க்கிறவர். குடியிருப்புக் கூட்டத்துக்கு மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து நாயை வத்தளைக்கு அங்கால் கொண்டுபோய் விடுவதென்று ஏற்பாடு செய்துவிட்டார். கூட்டத்தில் அதை முறைப்படி அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. நொண்டி நாயை அந்நிய இடத்தில் விட்டால் மற்ற நாய்கள் ஒரு நாள்கூட விட்டுவைக்காது. மனைவி கெஞ்சியும் பார்த்தாள், சண்டையும் போட்டாள். ஊரோடு ஒத்து வாழ் என்று நான் அவளுக்குச் சொன்னேன். என்னோடும் சண்டை போட்டாள்.

கூட்டம் வைத்த நாள் ஆடி அமாவாசை. எல்லோரும் விரதம், வீட்டில்தான் நிற்பார்கள் என்று செயலாளரே பார்த்துக் குறித்த நாள். என் தகப்பனுக்கு நான் வைத்த சோற்றைக் காகம் நேரத்தோடு கொத்திவிட்டது. தன் தகப்பனுக்கு விரதம் பிடித்த செயலாளர் வீட்டில் சமையல் பிந்திவிட்டது. பின்பக்கக் குட்டை மதிலில் அவர் வாழையிலையை வைத்தபோது, வெள்ளவத்தைக் காகங்கள் அத்தனையும் மாடி மாடியாகச் சாப்பிட்டு முடித்து, கலியாண வீட்டில் கடைசிப் பந்தியும் பார்த்தவர்கள் போல வயரில் இருந்தன. “கா, கா” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். சீனி வருத்தக்காரர் வேறு, நேரத்துக்குச் சாப்பிடவேண்டியவர். காகம் தொடாமல் சாப்பிடவும் மாட்டார். பசியோடு மதிலடியில் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அப்போதுதான் அந்த நாய் நொண்டிக்கொண்டு வந்தது. மதிலில் தலையை வைத்து, அந்த விரதத்துக்கென்றே பொரிக்கும் கசப்புக் காத்தோட்டிக்காய் உட்பட இலையை வழித்து நக்கியது. அவர் செருப்பைக் கழற்றி ஓங்கினார். தண்ணீர்ச் சட்டியோடு வந்த என் மனைவி குறுக்கே போய் நின்றாள்.

“தம்பி, அப்பா காகமா வருவார் எண்டு நம்புறீங்கள். காகமா வரக்கூடியவருக்கு நாயா வரத் தெரியாதோ?”

எனக்கு உயிர் போய்விட்டது. விரத நாளில் ஒரு மனிதனின் செத்த தகப்பனை நாய் என்று சொல்லிவிட்டாள். அவர் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டினார். இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மேலே போனார்.

“இஞ்சாருங்கோ, நான் கூடக் கதைச்சிட்டனோ?” என்றாள்.

“கூடத்தான்” என்றேன்.

பின்னேரம் முழுக்க அவள் படிக்கட்டில் நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தன் வாயால்தான் அதன் விதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டத்தில் செயலாளர் தண்ணீர்க் கட்டணம் பற்றிப் பேசினார், லிஃப்ட் திருத்திய செலவு பற்றிப் பேசினார். நாயைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூன்றாம் மாடிக்காரர்தான் பொறுக்கமுடியாமல் கேட்டார்: “அப்ப காலமை ஆட்டோ வருதோ?”

“வேண்டாமெண்டு சொல்லிட்டன்.”

“ஏன்?”

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “எங்கட அப்பாவுக்கு வச்ச சோறு அதின்ர வயித்துக்க இருக்கு. சாப்பிட வந்ததைத் துரத்திப்போட்டு, வாற வருசம் நான் ஆரைச் சாப்பிட வாங்கோ எண்டு கூப்பிடுறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. எவரோடும் வாய்க்கு வாய் பேசும் என் மனைவி அன்று என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளைப் போல இன்னொருத்தி எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

லிஃப்டில் போகும்போது, “இதை ஒரு கதையா எழுதன்” என்றேன்.

கண்ணைத் துடைத்தாள். “எழுதலாம். ஆரும் நம்பமாட்டினம்.”