ஆமென் சொல்லும்வரை

தொண்ணூறுகளில் நடந்தது, நினைத்தால் இன்றும் கோபம் அடங்குவதில்லை.

கேரள எல்லையில், பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் ஈஸ்டர் வாலிபால் போட்டி. விளையாட்டையும் சபை ஊழியத்தையும் சேர்த்து மேற்படிப்பு படிக்கும் ஒரு தம்பி, பயிற்சிக்காக எங்கள் அணிக்குப் போதகராக வந்திருந்தார்.

பந்துக்குப் பாய்ந்த என் கணவர் தலை கம்பத்தில் இடித்து விழுந்தார். தூக்க ஓடியவர்களைத் தம்பி தடுத்து, "முதல்ல ஜெபிப்போம்" என்றார். எல்லோரும் முழங்காலிட்டோம். ஆமென் சொல்லும்வரை எங்கள் சபையில் யாரும் கண்ணைத் திறப்பதில்லை. ஜெபமோ நீண்டுகொண்டே போனது. பொறுக்காமல் திறந்து பார்த்தேன். கணவர் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தரும் பார்க்கவில்லை!

"மக்கா, கண்ணத் தொறங்க! காரு விளிங்க!" என்று கத்தினேன்.

"ஜெபத்துக்கு நடுவுல சத்தம் போடலாமா அக்கா?" என்றார் தம்பி.

"நல்ல படிப்பாக்கும் நீ படிக்கியது! வழிய விடு" என்று தள்ளிவிட்டுப் போய்க் கார் பிடித்தேன்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். தலைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், "கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளு இல்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், தன் ஜெபத்தால்தான் ஆள் பிழைத்ததாகத் தம்பி சாட்சி சொன்னாராம்!

நான் இப்போதும் ஜெபிக்கிறேன். கண்ணை மட்டும் மூடுவதில்லை.