சுவரைப் பார்த்து நிற்பவன்

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் குறுக்குத் தெருவில் ஒரு நீளமான குடோன் சுவர் உண்டு. மூக்கைப் பொத்தாமல் நான் அதைக் கடந்ததே இல்லை. விழுப்புரத்திலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் ஆண்கள் இறங்கிய கையோடு நேரே அங்கேதான் போவார்கள். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் ஐடி கார்டு, ஒரு கையில் செல்போன். சீ! பெண்கள் நாங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பி சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு கிடப்போம். இவர்களுக்கு மட்டும் ஊரில் உள்ள சுவரெல்லாம் சொந்தம்.

சுவரின் கடைசியில் ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்றுக்கொண்டிருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை நம்பிய வியாபாரம். அந்த இடத்தை விட்டால் அவருக்கு வேறு இடம் கிடையாது. ஆனால் வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். தட்டைக் கையில் வாங்கியவர்கள்கூடப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நான் டிராயிங் டீச்சர் என்று தெரிந்ததும் ஒருநாள் என்னை நிறுத்தினார்.

"டீச்சர், குடோன்காரர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. ஒரு பிள்ளையாரு, ஒரு மாதா, ஒரு பள்ளிவாசல், வரிசையா வரைஞ்சி குடுத்துடுங்க. ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். இல்லன்னா நான் வண்டிய தள்ளிகினு போவ வேண்டியதுதான்."

இரண்டு நாள் வேலை. பேசாமல் செய்திருக்கலாம். எனக்குத்தான் அப்போது வேறு கிறுக்குப் பிடித்திருந்தது. பழைய புத்தகக் கடையில் கனமான படப் புத்தகம் ஒன்று வாங்கியிருந்தேன். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் வரைந்த தெருக்காட்சிகள். சந்தை, நாய், குடிகாரன், மீன் விற்கிறவள். ஒரு படத்தின் மூலையில், நமக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். அட கருமமே, அங்கேயுமா! வரைந்தவர் அவனை மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. நானும் அப்படி ஒரு தெருவை வரைவது என்று முடிவு செய்துவிட்டேன்.

"சாமியெல்லாம் எதுக்குக்கா? அவனுங்களையே வரைஞ்சி வைக்கிறேன். பார்த்தா வெக்கமா இருக்காதா?"

"வெக்கமா? அவனுங்களுக்கா?" என்றார் அக்கா, சட்னி வாளியை மூடியபடி. அப்புறம், "இன்னாவோ, படிச்சவங்க சொல்றீங்க" என்றார்.

கோடை விடுமுறையில் ஒரு மாதம், அக்காவின் வண்டிக்கு எதிரே அந்தச் சுவரோடுதான் கிடந்தேன். பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறேன், ஒரு மனுஷர் பின்னால் வந்து, "கொஞ்சம் நவுருங்க டீச்சர், அவசரம்" என்கிறார். த்தூ! அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துத்தான் நடுவில் முதுகு காட்டி நிற்பவனை வரைந்தேன். அவனைச் சுற்றி ஷேர் ஆட்டோ, பூக்காரி, எச்சில் இலை நக்கும் நாய். அவனுக்குப் பக்கத்திலேயே, சுவரின் கீழ்ப்பாதியில், இட்லிக் குண்டானைத் திறந்தபடி முக்காலியில் உட்கார்ந்திருக்கும் அக்கா. அந்தப் புத்தகத்துப் பழைய ஆட்கள் செய்தது மாதிரி சுற்றிலும் இருட்டடித்து, ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் காலை வெளிச்சம் விழ வைத்தேன். அந்த முகத்துக்கே ஒரு வாரம் ஆயிற்று. அவ்வளவு நன்றாக ஒரு முகம் அதற்கு முன்பும் எனக்கு வரவில்லை, பின்பும் வரவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாப்பிட வந்தவர்களிடமெல்லாம், "யாருன்னு தெரிதா? நான்தான்" என்று காட்டினார்.

ஒரு வாரம் ஊரே பாராட்டியது. தலைமை ஆசிரியர் வந்து பார்த்தார், யாரோ ரீல்ஸ் போட்டார்கள். அடுத்த வாரம் ஒரு தடியன், நான் வரைந்தவனுக்குப் பக்கத்தில் அவனைப் போலவே முதுகைக் காட்டி நின்றான். சிநேகிதன் வீடியோ எடுத்தான். வேடிக்கை முடிந்ததும் நிஜமாகவே ஒன்றுக்குப் போனான். பிறகு எல்லாரும் அங்கேயே வந்தார்கள். முன்பு சுவர் நெடுகப் பரவி நின்றவர்கள் இப்போது அந்த ஒரே இடத்தில், அக்காவின் வண்டிக்கு எதிரிலேயே கூடினார்கள். நான் கத்தினேன். வயசானவர் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இங்கதான் போவணும்னு படமே போட்டு வச்சிருக்கீங்களே" என்றார்.

பள்ளி திறந்ததும் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். மூக்குக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அக்காவே பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தார்.

"நாளையிலேந்து நான் வரல டீச்சர். ஒரு வாரமா மாவு அப்படியே வூட்டுக்குத் திரும்புது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் பொறுத்துக்கோங்கக்கா. சாமி போட்டுடறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்வதற்குள் அவர் ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டுக் காத்திருந்தார். வெள்ளை பிரைமர் டப்பாவைத் திறந்தேன். மற்றதெல்லாம் போகட்டும், அந்த முகத்தை இழக்க மட்டும் மனசு வரவில்லை.

"உங்க முகத்த மட்டும் வுட்டுட்டு, சுத்தி சாமிய போட்டுடறேன்கா."

"வாணாம் டீச்சர். மொதல்ல அத்த மூடுங்க."

"ஏன்கா? நல்லாத்தானே இருக்கு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியின் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அவனுங்க போறது அது மேலதான். நான் இட்லி ஊத்திகினே தெனமும் பாத்துகினுதான இருக்கேன்."

குனிந்து பார்த்தேன். கன்னத்தில் நான் விழ வைத்த வெளிச்சம் உப்புப் பூத்து உரிந்திருந்தது. வாய் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு கறை. வேறு தெருவில் சுற்றிப் போய் நான் காப்பாற்றிக்கொண்ட என் மூக்கை நினைத்தபோது, அந்த ஆண்கள்மேல் வந்ததைவிட என்மேல்தான் அதிகம் அருவருப்பு வந்தது.

பிரஷ்ஷைத் தோய்த்து முதல் இழுப்பை அந்த வாயின்மேல் இழுத்தேன். பிள்ளையாரின் வயிறு அங்கேதான் வந்தது.