கருவாட்டுக்கும் கத்தும் கருவி

காற்றில் வாயு கசிந்தால் கண்டுபிடிக்கும் சென்சார் செய்வது என் பிழைப்பு. காற்றில் வாயு மட்டும் இருந்திருந்தால் நான் எப்போதோ உருப்பட்டிருப்பேன். ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

முதல் வெற்றி

கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோகுழாய்களை ஒரு எலக்ட்ரானிக் சில்லில் பரப்பி வைத்தால், அம்மோனியா பட்டதும் அதில் ஓடும் மின்சாரம் மாறும்; உடனே அலாரம் கத்தும். கைக்கடிகார பேட்டரியே போதும். மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்த சில்லு ஒரு மதியம் வீலென்று கத்தியது. நான் குதித்த குதியில் ஸ்டூல் கவிழ்ந்தது. அம்மாவுக்கு போன் போடப் போனேன். லேப் உதவியாளர் செல்வி மெதுவாகச் சொன்னாள்: "மேடம், அம்மோனியா சிலிண்டர் இன்னும் பூட்டித்தான் கிடக்கு. நான் நெத்திலிக் கருவாட்டு டப்பாவைத்தான் திறந்தேன்."

அண்ணாச்சியின் நிபந்தனை

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி, கம்ப்ரசர் அறையில் அந்தக் கருவியை மாட்டினேன். ஐஸை உறைய வைப்பதே அம்மோனியாதான்; கசிந்தால் ஆளைச் சாய்த்துவிடும். முதல் வாரமே கத்தியது. ஐஸ் கட்டியை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் ரோட்டுக்கு ஓடினார்கள். கசிவு எதுவும் இல்லை. கம்ப்ரசர் ஓட்டும் அந்தோணி அண்ணன் சாளைக் கருவாடு கொண்டுவந்திருந்தார். அண்ணாச்சி கோபப்படாமல் சொன்னார்: "ஏம்மா, இன்னொரு தடவை கருவாட்டுக்குக் கத்திச்சின்னா, நீயே வந்து கழட்டிட்டுப் போயிரு."

மூடிய டப்பா

கருவாட்டிலிருந்து வரும் அம்மோனியா மாதிரி ஆவிக்கு மசியாதபடி பூச்சு போட்ட புதுக் கருவியோடு மறுபடி போனேன். கேட்டில் நுழையும்போதே பழசு கத்துகிறது. போச்சு, மானம் கப்பலேறிவிட்டது. கருவாட்டு டப்பாவை மூடுங்கள் என்று வெளியே நின்றே சத்தம் போட்டேன். இன்னும் திறக்கவே இல்லை என்று உள்ளிருந்து அந்தோணி அண்ணன் பதில் சொன்னார். கதவருகே போனதும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. அந்தோணி அண்ணனோ ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறார். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பிறகு அவரே முகமூடி மாட்டிப் போய், கசிந்த வால்வை அடைத்துவிட்டு வந்தார்.

கொரோனாவில் போன மோப்ப சக்தி தனக்குத் திரும்பவே இல்லையாம். சொன்னால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டு நின்ற அண்ணாச்சி, கருவியும் இருக்கட்டும் ஆளும் இருக்கட்டும் என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பழசைக் கழட்டிப் புதுசை மாட்டிவிட்டு, இனி இது கருவாட்டுக்குக் கத்தாது என்று பெருமையாகச் சொன்னேன். அந்தோணி அண்ணன் என் கையிலிருந்த பழசையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத எங்கிட்ட தாங்க மேடம். வீட்ல கருவாடு பொரிச்சா எனக்குத் தெரியணும்லா."

ஆக, உலகத் தரத்தில் சென்சார் செய்யக் கிளம்பியவள் ஒரு மனுஷனுக்குச் சாளைக் கருவாட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இதை ஆராய்ச்சிக் கட்டுரையில் எந்தப் பத்தியில் சேர்ப்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.