பொம்மிடி நர்சம்மாவின் பேபி ஆஸ்டின்

பொம்மிடி ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சவரிமுத்து. அவர் மனைவி லூர்தம்மாளை அந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நர்சம்மா என்றால்தான் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவள். கல்யாணமாகி ஆஸ்பத்திரி வேலையை விட்ட பிறகும் பிரசவம் அவளை விடவில்லை. மழையோ வெயிலோ, யாராவது மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். குள்ளமான உருவம், ஆனால் அவள் பேசினால் பிளாட்பாரம் வரை கேட்கும்.

1937ஆம் வருஷம் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சீமைக்குக் கிளம்பியது. அந்தத் துரைசாணியின் இரண்டு பிள்ளைகளும் லூர்தம்மாள் கையில் பிறந்தவர்கள். போகும்போது, கொட்டகையில் கிடந்த பழைய பேபி ஆஸ்டின் காரை அவளுக்கே விட்டுப் போனாள். கொட்டகையைத் திறந்து பார்த்தால், பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

குஞ்சு பொரித்து முடிகிறவரை பொறுத்திருந்து, சவரிமுத்து காரைக் கீழே கொண்டுவந்தார். தெருவே கூடிவிட்டது. கொல்லுப்பட்டறை மாரப்பன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏன் சவரி, இதுக்குள்ள ஆளு ஏறுறதா, ஆளு தலை மேல இத ஏத்திக்கிட்டுப் போறதா?"

சவரிமுத்து சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டார். சைக்கிளில் பழகிய கைதானே, சின்ன வண்டி அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஆனால் அது சீமை ரோட்டுக்குப் பிறந்த வண்டி. நம் பக்கத்து வண்டித்தடத்தில் இரண்டு மைல் போனால் இடுப்பு கழன்றுவிடும். பிரேக்கை மிதித்தால் யோசித்து யோசித்து நிற்கும். ஒருதடவை அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு வைக்கோல் வண்டியின் பின்னால் போய்ச் செருகிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் தலையெல்லாம் வைக்கோலோடு இறங்கினார்கள்.

புது உதிரிபாகம் வேண்டுமென்றால் மதராசுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் அவர்களிடம் வசதி ஏது? சவரிமுத்து கையில் கிடைத்ததைக் கொண்டு வேலையைத் தொடங்கினார். பிரேக்கை இழுக்கிற இரும்பு நெம்புகோலை மாரப்பன் உலையில் காய்ச்சி ஒரு விரல் நீளம் கூட்டிக் கொடுத்தான். மிதிக்கிற பலம் குறைவாக இருந்தாலும் பிடிப்பு கூடியது. பழைய லாரி வில்லின் இரும்புப் பட்டை ஒன்றை அறுத்து, பின் சக்கரத்து வில்லுக்கு அடியில் சேர்த்துக் கட்டினார்கள். ஓடைத் தண்ணீர் தெறித்து இன்ஜின் அணைந்து போகாமலிருக்க, பொறி கிளம்புகிற இடத்தில் கிழிந்த டியூபை வெட்டித் தொப்பி மாதிரி மாட்டினார். இடப்பக்கத்து முன் சீட்டை எடுத்துவிட்டு, கீல் வைத்த பலகை ஒன்றைப் பொருத்தினார். அதை விரித்தால் ஓர் ஆள் பின் சீட்டில் தலை வைத்துக் கால் நீட்டிப் படுக்கலாம்.

கடைசியாக, காலால் மிதிக்கிற மூன்று கட்டைகளின் மேலும் வேலமரத் துண்டுகளை வைத்துத் திருகினார்.

"இது எதுக்குங்க?" என்றாள் லூர்தம்மாள்.

"உன் காலு எட்டணுமில்ல."

"எங்காலு எதுக்கு எட்டணும்? நான் புள்ளப்பேறு பாக்கறவளா, டிரைவரா?"

"எனக்குச் சொரம் வந்து படுத்துக்கிட்டா?"

"படுத்துக்கங்க. கஞ்சி வெச்சுத் தரேன்."

ஆனாலும் அவர் விடவில்லை. சந்தை கூடாத நாட்களில் சந்தைப்பேட்டைக்குக் கூட்டிப்போய் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். அவளும் கத்திக்கொண்டே ஓட்டினாள். சமதளத்தில் பரவாயில்லை, மேடு வந்தால் வண்டி அணைந்துபோகும். இரண்டு முறை புளியமரத்தில் முட்டியதும், "போதும் சாமி, எனக்கு மாட்டு வண்டியே போதும்" என்று இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறு வருஷம் ஐப்பசி மழையில், சித்தேரி மலையடிவாரத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து நின்றான். மலைமேல் தினை விதைத்துப் பிழைக்கிற கரியன் என்பவன், தன் மனைவி கருப்பியை டோலி கட்டி அடிவாரம் வரை இறக்கிவிட்டானாம். முந்தாநாள் எடுத்த வலியாம். புருஷனும் பெண்டாட்டியும் காரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

கருப்பியைப் பார்த்ததுமே லூர்தம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடந்தது. வெளியே வந்து கரியனிடம் சொன்னாள்: "இது என் கையில ஆவற வேலை இல்லப்பா. தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாம். பயப்படாத."

கருப்பியைத் தூக்கிவந்து பலகையில் படுக்க வைத்தார்கள். சவரிமுத்து காருக்கு முன்னால் போய்க் கைப்பிடியைச் செருகி இன்ஜினைச் சுற்றினார். அவசரத்தில் என்ன தவறிற்றோ, கைப்பிடி எதிர்ப்பக்கமாக உதைத்துத் திரும்பியது. படீரென்று சத்தம் கேட்டது. அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

லூர்தம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தாள். எலும்பு முறிந்திருந்தது. மூங்கில் பத்தை வைத்து முந்தானைக் கிழிசலால் கட்டினாள். சுற்றி நின்ற எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"நீ ஓட்டு புள்ள" என்றார் சவரிமுத்து.

"எனக்கு வராதுங்க."

"வரும். சந்தைப்பேட்டையில ஓட்டுனியே, அதே வண்டிதான்."

"மரத்துல முட்டுனனே!"

"இந்த ரோட்டுல மரம் கம்மி."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. மாதாவை நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் சவரிமுத்து நெருக்கிக்கொண்டு அமர்ந்து, கருப்பியின் தலையை இடது கையால் தாங்கிக்கொண்டார். கரியனும் ஊர்க்காரர்களும் பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி இருமி, குலுங்கி, கிளம்பிவிட்டது.

ஊர் எல்லையில் ஓடை நுங்கும் நுரையுமாகப் போய்க்கொண்டிருந்தது. கரியன் முன்னால் ஓடி இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்து, ஆழம் குறைந்த இடத்தைக் கை காட்டினான். மற்றவர்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள்.

"கால எடுக்காத புள்ள. அணைஞ்சா அவ்வளவுதான்" என்றார் சவரிமுத்து.

அவள் காலை எடுக்கவில்லை. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து பாதத்தை நனைத்தது. இன்ஜின் மட்டும் அந்த டியூப் தொப்பிக்குள்ளே உலர்ந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. கரை ஏறினார்கள். கரியனை ஏற்றிக்கொள்ள இடமில்லை. "போங்க தாயி, நான் நடந்து வந்துடறேன்" என்று கும்பிட்டான்.

பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி பொம்மிடி வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. தண்டவாளத்துக்கு ஏறுகிற மேடு அது. லூர்தம்மாள் தன் சின்னக் காலால் பிரேக்கை மிதித்தாள். வண்டி யோசிக்கவில்லை, அப்படியே நின்றது. கூட்ஸ் வண்டி ஊர்ந்து ஊர்ந்து போனது. கருப்பியின் முனகல் குறைந்துகொண்டே வந்தது; அதுதான் லூர்தம்மாளுக்குப் பயமாக இருந்தது. "கண்ணத் தொற கருப்பி! தூங்காத! எங்கிட்டப் பேசு!" என்று போட்ட சத்தத்தில் கேட்காரர் மாதேஸ்வரன் வெளியே ஓடிவந்தார். கேட் திறந்தது. மேட்டில் வண்டியைக் கிளப்புகிற, ஒரு தடவைகூடச் சரியாக வராத வித்தை அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

தர்மபுரி ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. டாக்டர் நேரத்தைக் கடத்தவில்லை. கருப்பியை உள்ளே கொண்டுபோய், விளக்கு வைக்கிற வேளைக்குப் பெண் குழந்தையை எடுத்துவிட்டார். முதலில் அழவில்லை, அப்புறம் அழுதது. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

சவரிமுத்துவின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இருவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு பன் தின்றார்கள். தின்று முடித்ததும் லூர்தம்மாள் அந்த மாவுக்கட்டின் மேல் கையை வைத்தாள்.

"பிரேக்கு நல்லாப் புடிக்குதுங்க" என்றாள்.

"மாரப்பன்கிட்டச் சொல்றேன்" என்றார் அவர். கண்களைத் துடைத்துக்கொள்ள அவருக்கு இடது கைதான் இருந்தது.

கரியன் மறுநாள் வெயில் ஏறும்போது வந்து சேர்ந்தான். மகளைக் கையில் வாங்கியவன், நர்சம்மாவையும் சவரிமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தான்.

மணிக்கட்டு சற்றே கோணலாகக் கூடியது. சைக்கிள் வேலைக்குப் பழுதில்லை, கார் கைப்பிடியைச் சுற்ற மட்டும் முடியாது. அது முதல் லூர்தம்மாள்தான் ஓட்டினாள். போகிற ஊரில் யாராவது சுற்றிக் கொடுப்பார்கள். பிறகு சீமையில் உலகச் சண்டை மூண்டது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் காரை எடுப்பது, மற்றபடி மாட்டு வண்டி என்று வைத்துக்கொண்டாள். பல மாதங்கள் கார் சக்கரம் தரையில் படாமல் கட்டைகள் மேல் நின்றது. டயர் கிடைக்காதபோது சவரிமுத்து லாரி டயரின் துண்டை உள்ளே வைத்துத் தைத்தார்.

சண்டை முடிந்த மறு வருஷம், மழைக்காலத்தில், சித்தேரி அடிவாரத்திலிருந்து மறுபடி ஆள் வந்தது. ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திய லூர்தம்மாள் திகைத்துப்போனாள். தண்ணீருக்கடியில் இக்கரையிலிருந்து அக்கரை வரை பலகைக் கற்களை வரிசையாகப் பதித்திருந்தார்கள், சரியாக அந்தச் சின்னக் காரின் அகலத்துக்கு. அக்கரையில் கரியன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மகள்.

"வருசா வருசம் வெள்ளத்துல பேந்து போவுதுங்க. வருசா வருசம் போட்டுடறோம்" என்றான் அவன். "காருக்கு அண்ணன் என்னென்னமோ செஞ்சாரு. எங்களால ஆனது இது."

பின்னால் உட்கார்ந்திருந்த சவரிமுத்து, "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்றார். லூர்தம்மாள் காரை மெல்ல அக்கரைக்கு ஓட்டினாள். சக்கரம் ஒரு கல்லில்கூட நழுவவில்லை.

அன்று அவள் பார்க்கப் போனது கரியனின் தம்பி மனைவியை. சுகப்பிரசவம், ஆண் குழந்தை. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாரும் தேனும் தினைமாவும் தின்றுவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினார்கள்.