கோமதி அக்கா நின்ற இடம்

கோமதி அக்கா இறந்துபோன செய்தி எனக்கு மருந்துக் கடை வாசலில் வந்தது. பிரஷர் மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தேன். நம் ரத்ததானக் குழுவின் வாட்ஸ்அப்பில் இரண்டே வரி: குறிஞ்சிப்பாடியில் மகள் வீட்டில் பக்கவாதம், நேற்றே எடுத்துவிட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில், புதிதாகச் சேர்ந்த ஒருவர், "எந்தக் கோமதி? அந்த டிக் அடிச்ச அம்மாவா?" என்று கேட்டிருந்தார். யாரோ "ஆமாம்" என்று பதில் போட்டிருந்தார்கள். மாத்திரை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் குழுச் செயலாளர் கூப்பிட்டார். அடுத்த முகாம் அன்று அஞ்சலிக் கூட்டம் வைத்திருப்பதாகவும், அக்காவோடு அதிக காலம் வேலை செய்தவன் என்பதால் நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னார். பழசையெல்லாம் கிளற வேண்டாம் சார், நல்லதாக நாலு வார்த்தை போதும் என்றார். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. பழசைக் கிளறாமலும் முடியவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவைப் பிற்காலத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்காக முதலில் இதைச் சொல்கிறேன். அவர் கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தம் கொடுக்க ஆரம்பித்த கதையை யாராவது பக்தியோடு கேட்டால் சிரிப்பார். "கொடுத்தா ஜூஸ் தராங்கன்னாங்க, போனேன்" என்பார். அந்த ஜூஸ் சூடாக இருந்ததாம். அடுத்த தடவை ஐஸ் பெட்டியோடு போய் நின்றிருக்கிறார். அப்படியே குழுவில் ஒட்டிக்கொண்டார். நான் பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார். பிளட் குரூப் பாடம் நடத்துகிறவன் என்பதற்காக என்னையும் இழுத்துப் போட்டவர் அவர்தான்.

கேன்டீன் வேலையால் அவருக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. யார் எந்த ஷிப்ட் என்பது இந்த டவுன்ஷிப்பில் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. பழைய காலண்டர் தாள்களைத் தைத்து ஒரு நோட்டு வைத்திருந்தார். பெயர், ரத்த வகை, பிளாக், குவார்ட்டர்ஸ் எண், பக்கத்தில் பென்சிலால் ஷிப்ட். ஷிப்ட் மாறினால் அழித்து எழுதுவார். அவசரமாக ரத்தம் கேட்டு ஆள் வந்தால் நோட்டைப் புரட்டி, இவர் செகண்ட் ஷிப்ட், வரலாம்; அவர் நைட் முடித்துத் தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று பிரிப்பார். கேட்டு வந்தவர்கள் எவ்வளவு அழுதாலும் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவனைக் கட்டிலில் படுக்க விடமாட்டார். "ரத்தம் நாளைக்கும் குடுக்கலாம். விட்ட தூக்கத்த எந்தக் கடையில வாங்குவ?" இது அவர் அடிக்கடி சொன்னது. முகாமுக்கு வருகிற எல்லோரையும் அவர் இதைக் கேட்டுத்தான் வரவேற்பார்: "ராத்திரி தூங்குனியா?"

ஒருமுறை பிறந்த நாள் கொண்டாட வந்த ஒரு பிரமுகர், கட்டிலில் படுத்து, ரத்தம் கொடுக்கும்போது அழுத்துகிற பந்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஊசியே போடவில்லை. அக்கா ஜூஸ் டம்ளரோடு குறுக்கே நின்று, படம் நன்றாக வந்திருக்கிறதா என்று விசாரித்து, அப்படியே திரும்பிப் படுக்கச் சொன்னார். வெளியே அத்தனை தொண்டர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதர் வியர்க்க வியர்க்க முழுப் பை கொடுத்துவிட்டுத்தான் போனார். அடுத்த வருடம் யாரும் அழைக்காமல் அவராகவே வந்தார்.

இனி மணிவண்ணன்.

கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். கான்ட்ராக்ட் தொழிலாளி. இருபத்தாறு வயது. அப்பா இல்லை, அம்மாவும் தம்பியும்தான். அக்காவின் நோட்டில் அவன் பெயருக்கு நேராக, ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு, "லீவு" என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் அக்கா அவனை முகாமுக்கு அழைத்தார். முதல்நாள் இரவு யாருக்காகவோ ஷிப்ட் மாற்றிக்கொண்டு அவன் வேலைக்குப் போனது அவருக்குத் தெரியாது.

முகாமில் ரத்தம் கொடுக்கிறவர்களிடம் ஒரு படிவம் நிரப்புகிறோம் இல்லையா, சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, மஞ்சள் காமாலை உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடிக்க வேண்டியது என் வேலை. கடைசியில் ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் அக்கா கையெழுத்துப் போடுவார். அதற்கு முந்தைய முகாமில் வரிசை நகரவில்லை என்று பலர் பஸ்ஸைப் பிடிக்கத் திரும்பிப் போய்விட்டார்கள். எனக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. ஆகவே இந்த முறை நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். சனிக்கிழமை மாலையே வீட்டில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, அத்தனை வெற்றுப் படிவங்களிலும் டிக் அடித்து வைத்துவிட்டேன். சாப்பிட்டார், தூங்கினார், நோய் எதுவும் இல்லை. பெயரும் வயதும் மட்டும்தான் பாக்கி. ஊரே ஆரோக்கியமாக இருந்தது.

ஞாயிறு காலை வரிசை அருமையாக நகர்ந்தது. செயலாளர் என் முதுகில் தட்டினார். முகாம் நடந்த பள்ளியின் வாசலில் அக்கா வேன்களில் வந்த ஆட்களை இறக்குவதில் இருந்தார்; அன்று எல்லோரையும் நிறுத்திக் கேட்க அவரால் முடியவில்லை. மணி வந்தான், பெயர் சொன்னான், நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடையும் பிரஷரும் சரியாக இருந்தன. டாக்டர் ஒருவர்தான், படிவத்தைப் பார்த்தார், அனுப்பினார்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன், பைக்கில் ஏறுவதற்கு முன் அக்காவிடம் இரண்டு பிஸ்கட் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறான். கண் சிவந்திருக்கிறதே என்று அவர் கேட்டதற்கு, நைட் முடித்து நேராக வருகிறேன், உள்ளே யாரும் கேட்கவில்லை, தப்பித்தேன் என்று சிரித்திருக்கிறான். அரை மணி படுத்துவிட்டுப் போ என்று அக்கா சொல்லி, பாய் எடுக்க உள்ளே வந்தார். பாயோடு திரும்புவதற்குள் பைக் போய்விட்டது.

அக்கா அவன் படிவத்தைத் தேடி எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், இத நீங்க கேட்டீங்களா?"

எல்லாரிடமும் கேட்டேன் என்றேன். அவர் பார்வை என் கைக்குப் பக்கத்தில் இருந்த கட்டுக்குப் போனது. பெயர் எழுதாத படிவங்கள். எல்லாவற்றிலும் டிக். அவர் அந்தக் கட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்குள் போன் வந்தது. ஊருக்குப் போகும் வழியில், கரும்பு ஏற்றி ஓரமாக நின்றிருந்த டிராக்டரின் பின்னால் போய் மோதி, அந்த இடத்திலேயே இறந்திருக்கிறான். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்றார்கள்.

அன்று மாலை முழுக்க அக்கா ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து, நான் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கேட்டார். ஒருவருக்கு அதற்கு முந்தைய வருடம் காமாலை. ஒருவர் ஏதோ மாத்திரையில் இருந்தார். அந்த இரண்டு பைகளையும் ரத்த வங்கியிடம் சொல்லி ஒதுக்க வைத்தார். மணியின் ரத்தத்தில் எந்தக் குறையும் இல்லை. அது யாருக்கோ போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் மணியின் தம்பியும் ஊர்க்காரர்கள் நான்கு பேரும் வந்தார்கள். உங்களில் பலர் அன்று குழு கூடியிருந்த ஹாலில் இருந்தீர்கள். நைட் ஷிப்ட் பார்த்தவன் தூங்கினான் என்று எழுதியது யார் என்று தம்பி கேட்டான். நான்தான் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது அதற்கும் மேலே வந்து நின்றது. அதற்குள் அக்கா எழுந்துவிட்டார்.

"நான்தான்பா. கேக்காம டிக் அடிச்சிட்டேன்."

தம்பி அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அழுதான். "அவன் உங்கள அக்கான்னு தான கூப்புட்டான்" என்று மட்டும் சொன்னான். அக்கா தலை குனிந்து நின்றார். நானும் தலை குனிந்துதான் இருந்தேன்; அதைப் பார்த்தவர்கள் நான் அக்காவுக்காக வருத்தப்படுவதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியே வந்ததும் ஏன் அக்கா என்றேன். அவர் குரலில் கனிவெல்லாம் இல்லை. கோபமாகத்தான் சொன்னார். "ஒரு படிவம் தப்புன்னா ஒரு ஆள நிறுத்துவாங்க. எல்லாமே தப்புன்னா கேம்ப்பயே நிறுத்திடுவாங்க சார். ஆஸ்பத்திரியில படுத்துகினு இருக்கறவங்களுக்கு எங்க போறது?" என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் செய்யவில்லை. ஆனால் காப்பாற்றப்பட்டது நான். அடுத்த வருடம் தலைமை ஆசிரியரானேன். மாலை போட்டீர்கள்.

அக்காவைக் குழு விலக்கியது உங்களுக்குத் தெரியும். தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். அதன்பிறகும் ஒவ்வொரு முகாமுக்கும் அவர் வந்தார். உள்ளே வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் வெயிலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் "ராத்திரி தூங்குனியா? எந்த ஷிப்ட்?" என்று கேட்டார். தூங்காதவர்களைத் திருப்பி அனுப்பினார். சிலர் சிரித்தார்கள். சிலர், நீ கேட்க வேண்டிய நாளில் கேட்டிருக்கலாமே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர்களிடமும் எந்த ஷிப்ட் என்றுதான் கேட்டார். "டிக் அம்மா" என்ற பெயர் அப்போது வந்தது. உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத்தான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மணி இறந்த நாளன்று அக்கா அவன் வீட்டுக்குப் போவார். வாசலில் நிற்பார். முதல் வருடம் அவன் அம்மா ஒரு குடம் தண்ணீரை அவர் காலடியில் கொட்டிக் கதவைச் சாத்தினார். அதற்கடுத்த வருடங்களில் கதவு சாத்தவில்லை, ஆனால் பேச்சும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அக்கா திரும்பிவிடுவார். போன வருடம் அவருக்குக் கால் வலி அதிகமாக இருந்ததால் நான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். முந்திரித் தோப்பு ஓரமாகவே வண்டியை நிறுத்திக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தேன். அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு உள்ளே போனார். அக்கா உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில், நான் எல்லாவற்றையும் சொல்லிவிடட்டுமா அக்கா என்று கேட்டேன். ஓய்வு பெற்று, பென்ஷனும் வர ஆரம்பித்தபின் வந்த வீரம். அவர் எல்லோரிடமும் கேட்பதையே என்னிடமும் கேட்டார்.

"ராத்திரி தூங்கறீங்களா சார்?"

தூங்குகிறேன் என்றேன். அது உண்மை. நன்றாகவே தூங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்ப இருங்க" என்றார்.

மருந்துக் கடை வாசலில் செய்தி வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இதை உங்கள் முன் வாசிப்பதற்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. நேற்று இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மணியின் வீட்டுக்குப் போனேன். கோமதி அக்கா இறந்துவிட்டார் என்றேன். அந்த அம்மா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றைக் கீழே போட்டார். நான் வாசலிலேயே நின்று, இதுவரை நீங்கள் கேட்டதை முழுவதும் வாசித்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். பிறகு என்னைப் பார்க்காமல், நாற்காலி போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உசுரோட இருக்கசொல்ல வந்து சொல்லியிருக்கலாம் இல்ல. இந்த வருசம் அந்தம்மாவ உள்ள கூப்புடணும்னு இருந்தேன். இப்ப யாரப் பாத்து வூட்டுக்குள்ள வாங்கன்னு சொல்றது?"

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. எனக்கு நாற்காலி போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்காவின் நோட்டு மகளிடம் இருக்கிறது. குழுவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சைக்கிள் ஸ்டாண்டில் நின்று கேட்கிற வேலையை, நீங்கள் அனுமதித்தால், இன்றிலிருந்து நான் செய்கிறேன். படிவம் நிரப்புகிற வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள். அவரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது ஒன்றுதான்: கம்மாபுரம் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில், இரண்டு கால் வைத்து நிற்கிற அளவு இடம். மணியின் நாள் வரும்போது அங்கே போய் நிற்பேன்.