புகைக்கூட்டை மூடிய நாள்

எங்கள் தெருவில் குளியலறைக்கு மாபிள் கல் ஒட்டிய முதல் வீடு எங்கள் வீடுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். அதுவும் வசதிக்காகச் செய்ததல்ல. மாமா மவுத்தாகி விதவையான மாமி, வாப்பாவின் தங்கை, எங்கள் வீட்டில் இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் அவரைப் பார்க்கக்கூடாது. குரலும் அவர்களுக்குக் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கிணறோ தெருவைப் பார்த்தபடி இருந்தது. அதனால் மாமியின் அறையை ஒட்டியிருந்த சமைக்காமல் கிடந்த பழைய குசினியைக் குளியலறை ஆக்க வாப்பா ஏற்பாடு செய்தார்.

குசினிச் சுவரில் செங்கல் புகைக்கூடு ஒன்று முன்தள்ளி நின்றது. முந்தலிலிருந்து வந்த சிங்கள மேசன் பாஸ் அதைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கரி குடிச்ச கல்லு முதலாளி. இதில மாபிள் ஒட்டினா நாளைக்கே கழண்டு விழும்" என்றார். சுற்றிவர மரச்சட்டம் அடித்து, சீமெந்துப் பலகையால் மூடி, அதன்மேல் ஒட்டுவதென்று முடிவானது.

ஆனால் புகைக்கூட்டின் உள்விளிம்பில் மூன்று பூனைக்குட்டிகளை ஒளித்து வைத்திருந்தேன். தாய்ப்பூனை கருவாட்டில் வாய் வைத்ததால், குட்டிகளோடு சாக்கில் கட்டி உச்சமுனைத் தீவுக்குப் போகும் தோணியில் ஏற்றிவிடுவதாக உம்மா சொல்லியிருந்தார். சொன்னால் தோணி, சொல்லாவிட்டால் சுவர்.

பாஸ் இருக்கும்போது பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. எட்டு வயதுச் சிறுமியான நான் மட்டும் தேத்தண்ணீர் கொண்டுபோகலாம். அன்று காலை மூன்று தரம் கொண்டுபோனேன்.

"நங்கி, எனக்கு இரிக்கிறது வயிறா, பீப்பாவா?" என்று பாஸ் சிரித்தார்.

அவர் சாப்பிடப் போனதும் குட்டிகளை எடுத்துவிடலாம் என்று காத்து நின்றேன். "இந்த ஒண்டையும் அடிச்சிட்டுத்தான் சோறு" என்று அவர் கடைசிப் பலகையைத் தூக்கினார். ஒரு ஆணி இறங்கியது. இன்னொன்று.

"பாஸ்! அடிக்க வேணா! உள்ளுக்கு உசிரு இரிக்கி!"

சுவருக்கு அப்பாலிருந்து, இரண்டு மாதமாகக் கிசுகிசுத்தே பேசிய மாமியின் குரல். பாஸின் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. ஆணிகளைப் பிடுங்கி, கரி பூசிய குட்டிகளை ஒவ்வொன்றாக என் சட்டை மடியில் இட்டார்.

உம்மா மாமியின் அறைக்குள் பாய்ந்தார். "பூனைக்காகவா மதினி? கடற்கரை வரைக்கும் கேட்டிரிக்கும்!"

"ரெண்டு கிழமையா சுவத்துக்குள்ள அதுகள்ட சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இரிக்கேன். சாக விடச் சொல்றீங்களா?"

தோணிப் பேச்சு அதன் பிறகு எழவில்லை.

குட்டிகளைக் காட்ட நான் உள்ளே போனபோது மாமி முக்காட்டால் முகத்தை மூடிக் குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று முக்காட்டை விலக்கினேன். கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். உம்மாவின் ஏச்சில் மாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து வெளியே ஓடிவிட்டேன்.

பல வருடங்களுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் மவுத்தாகி நானும் இத்தா இருந்தேன். எழுபதாவது நாளோ என்னவோ, அறைக்குள் நுழைந்த கோழியை என்னையறியாமல் உரக்க அதட்டினேன். எனக்குள் இன்னும் அவ்வளவு பெரிய சத்தம் இருந்தது. கோழி ஓடிய பிறகும் நெடுநேரம், முகத்தை மூடிக்கொண்டு நான் குலுங்கிக்கொண்டே இருந்தேன்.